எந்தக் கை, என்ன வெட்ட?

அருவாள் வேண்டும் என்று யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "என்னத்த வெட்டப் போறீக?" தென்னை மட்டை கழிக்க ஒன்று, விறகு பிளக்க ஒன்று, முள் வெட்ட ஒன்று, ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஒன்று என்று தனித்தனி அருவாள் உண்டு. "சும்மா வீட்டுல கிடக்கட்டும்ணே" என்கிறவருக்கு எதை அடித்துக் கொடுப்பது என்று முப்பத்தைந்து வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில், மானாமதுரைக்கு முன்னால் வருகிறது திருப்பாச்சேத்தி. சனங்கள் வாயில் திருப்பாச்சி. 2005 பொங்கலுக்கு விஜய் படம் வந்த பிறகு, ஊர் பேரைச் சொன்னாலே கையை ஓங்கிக் காட்டுகிறார்கள். படத்தில் பார்த்த மாதிரி வேண்டும் என்று கார் நிறுத்திக் கேட்கிறவர்களும் உண்டு. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு ஆளுயர அருவாள் கேட்கிறவர்களும் வருவார்கள். பக்தியோடுதான் அடித்துக் கொடுக்கிறோம். ஆனால் சாமி அருவாளில் என் வேலை பாதிதான். அது எதையும் வெட்டப் போவதில்லை. தோய்ச்சல் சரியில்லை என்று சாமி திருப்பி அனுப்பியதும் இல்லை.

காய்ச்சித் தண்ணீரில் முக்கி வாய்க்குப் பதம் ஏற்றுகிற அந்தத் தோய்ச்சலில்தான் முழு வேலையும் இருக்கிறது.

எங்களுக்கு இரும்பு, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. எடைக்கு வாங்குவோம். வளைந்து வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது. நூற்றில் அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேலே கரிச்சத்து இருக்கும். ஜன்னல் கம்பியில் அதில் பாதிகூட இராது. அந்தக் கம்பியை எத்தனை தடவை தண்ணீரில் முக்கினாலும் வாய் மடங்கத்தான் செய்யும். பட்டையிலும் எல்லாம் உதவாது. லட்சக்கணக்கான மைல் பாரம் சுமந்ததில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டுவேன். கணீர் என்று வந்தால் எடுப்பேன். சொத்தென்று வந்தால் கடைக்காரரிடமே திரும்பப் போகும்.

உலைக்குச் சீமைக் கருவேலங்கரி. நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று ஊரே திட்டுகிற மரம். எங்களுக்குச் சோறு போடுவதும் அதுதான்.

பட்டறையை ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் ஏமாற்றும். சூடு ஏறியது தெரியாமல் ஏற்றிவிடுவோம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். ஒட்டாமல் நழுவியதும் இன்னும் ஒரு மூச்சு ஊதி, வாய்ப்பகுதியை மட்டும் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீரில் இறக்குவேன். முதுகில் சூடு அப்படியே நிற்கும். உடனே எடுத்துச் செங்கல் துண்டால் வாயைத் தேய்த்தால் வெள்ளை தெரியும். இனிமேல்தான் பார்க்க வேண்டும். முதுகுச் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ ஊதா, கடைசியில் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் சவரக்கத்தி. ஒரு கணு பட்டால் வாய் பொரிந்துவிடும். நீலம் ஓடவிட்டால் ஒடியாது, ஆனால் ரெண்டு நாளில் மழுங்கும். மட்டை அருவாளுக்குப் பழுப்பு ஊதாவாகத் திரும்புகிற இடம். அங்கே மறுபடி தண்ணீர். அதற்குக் கிடைப்பது சில நொடி. யாராவது கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டேன். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இதைப் படிக்காமல் அடித்த அருவாள் ஒன்று உண்டு. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அப்பா வெளியூர் போயிருந்தார். தென்னை ஏறுகிற ஒருவருக்கு அவசரம். நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, முழுசாகத் தண்ணீரில் போட்டு எடுத்தேன். சத்தம் பிரமாதமாக இருந்தது. நாலாம் நாள் அவர் இரண்டு துண்டைப் பட்டடைமேல் வைத்தார். மரத்து உச்சியில் ஒடிந்து, ஒரு துண்டு காதை உரசிப் போயிருக்கிறது. "இது ஒடிஞ்சா வேற அடிச்சுக்கலாம் ஆசாரி. நான் விழுந்து ஒடிஞ்சா?"

அப்பா திட்டவில்லை. ஒடிந்த வாயை வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே சர்க்கரை மாதிரி பொரபொரவென்று மின்னியது. "சூடு மிஞ்சிருச்சு. நல்லா இருந்தா சாம்பல் நெறத்துல பட்டு மாதிரி இருக்கும்." அன்றைக்குப் பிறகு நான் அடித்த ஒவ்வொரு அருவாளிலும் அந்த மனிதர் மரத்தின் மேல் நிற்கிறார்.

பதினைந்து வருஷம் எனக்குச் சம்மட்டி அடித்தது என் வீட்டுக்காரி. நான் சின்னச் சுத்தியால் தொட்ட இடத்தில் அவள் அடி விழும். பட்டடையில் வெறுமனே தட்டினால் நிறுத்துவாள். பேச்சே கிடையாது. பவர் ஹேமர் வந்த பிறகு நாள் ஒன்றுக்கு நாலு அடித்த இடத்தில் பத்து அடிக்கிறோம், அவளுக்குத் தோள்வலி போயிற்று. பழைய பட்டறைச் சத்தம் போச்சே என்று வருத்தப்படுகிறவர்கள் ஒரு நாள் வந்து சம்மட்டி தூக்கிப் பார்க்கட்டும்.

எனக்கு வருத்தம் கதிர் அறுக்கிற கருக்கருவாள் போனதில்தான். அதன் பல்லை ஒரு பக்கத்தில் மட்டும் உளியால் வெட்டுவோம். இடதுகைக்காரருக்கு மறுபக்கம் வெட்ட வேண்டும். அறுப்புக்கு முன்னால் எந்த வீட்டில் யார் இடதுகை என்பது அப்பாவுக்கு மனப்பாடம். கூலி களத்தில் நெல்லாக வரும். அறுப்பு மிஷின் வந்தது. அந்த உளி இப்போது மூலையில் துருவேறிக் கிடக்கிறது.

2025 ஜனவரியில், தமிழ்நாட்டில் இரும்பு 5,300 ஆண்டுப் பழமை என்று அரசு அறிவித்த அன்று டீக்கடையில் எனக்குக் கை கொடுத்தார்கள். சந்தோஷம்தான். கரி மூட்டை மட்டும் அதே விலை.

சில வருஷங்களுக்கு முன்னால் போலீசில் ஒரு நோட்டுப் போடச் சொன்னார்கள். வாங்குகிறவர் பேர், ஊர், போன் நம்பர். முதலில் எரிச்சலாக இருந்தது. மண்வெட்டியும் அடிக்கிற கையைச் சந்தேகப்படுகிறார்களே என்று. பிறகு அந்த நோட்டில் எனக்காக இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்: எந்தக் கை, என்ன வெட்ட. அவர்கள் அந்தக் கட்டங்களைப் படிப்பதில்லை. நான் படிக்கிறேன்.

இந்தப் பக்கம் அருவாள் வாங்க வந்தால் பழையதையும் கொண்டு வாருங்கள். மூக்கு தேய்ந்திருந்தால் எட்டி வீசுகிற கை, உள்வளைவு தேய்ந்திருந்தால் இழுத்து அறுக்கிற கை. பிடியில் கட்டைவிரல் பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது என்றும் பார்ப்பேன். ஒடிந்திருந்தாலும் பரவாயில்லை. வருகிற வழியில் சாணை மட்டும் பிடித்துவிடாதீர்கள்.