மலிவுச் சீட்டா, வசதிச் சீட்டா?

தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்குப் பிரயாணம் என்றால் ஒன்று வைத்தியசாலை, இல்லாவிட்டால் சாவு வீடு, அதுவும் இல்லாவிட்டால் கொழும்பில் வீட்டு வேலை. சொந்தபந்தத்தைப் பார்த்து வருவோம் என்று புறப்படுவது அபூர்வம். ஆகையால் எந்த வண்டியில் போவது என்ற கேள்வி எங்களுக்குள் எழுவதே இல்லை. எது மலிவோ அதில் ஏறுவோம். நின்றுகொண்டு போனாலும் போய்ச் சேர்ந்தால் சரி.

2023 செப்டெம்பரில் அம்மாவைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தபோதுதான் நான் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதுளையிலிருந்து வடக்கே போகும் சகோதரிகளுக்கும், அங்கிருந்து இங்கே வரும் சகோதரிகளுக்கும் அந்தக் கணக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, 1977 ஆகஸ்ட் கலவரத்தின் பின் பசறைப் பக்கத்துத் தோட்டத்தை விட்டுப் புருஷனோடு கிளிநொச்சி பாரதிபுரத்தில் குடியேறியவர். அப்போதும் 1983க்குப் பின்னும் மலைநாட்டிலிருந்து அப்படி வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். "அங்கே போனால் அடிக்க மாட்டார்கள்" என்று நம்பிப் போனார்கள். யுத்தம் அங்கேயும் வந்தது. 2009இல் சின்னம்மாவின் மூத்த மகன் இல்லாமற்போனான். சின்னம்மா செட்டிகுளம் முகாமில் இருந்து வெறுங்காணிக்குத் திரும்பினார். அம்மா அவரைக் கடைசியாகப் பார்த்தது சமாதான காலத்தில், 2003இல். "பிள்ளையப் பறிகொடுத்தவளக் கட்டிப்புடிச்சு ஒரு வாட்டி அழுகக்கூட இல்லையே" என்பதுதான் பதினாலு வருடமாக அம்மாவின் புலம்பல். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் வீக்கம். நீரிழிவும் உண்டு.

கொழும்பில் வேலை செய்யும் தம்பி தொலைபேசியில் சொன்னான்: "அக்கா, இரத்மலானையிலிருந்து பலாலிக்கு பிளேன் இருக்கு. ஒரு மணித்தியாலத்துல போயிரலாம். அம்மாவ பஸ்ஸில போட்டு அலைக்காதீங்க." பாசத்தோடு சொன்னான். 2022இல் அந்த விமான சேவை தொடங்கிய செய்தி பத்திரிகையில் வந்தது எனக்கும் நினைவிருந்தது.

விமானம் என்றால் அம்மாவின் முகம் மாறிவிடும். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் விழுந்ததை அவர் மறக்கவில்லை. வடக்கில் இதை வாசிக்கும் சகோதரிகள் அந்தக் காலத்தை எங்களைவிட நன்கு அறிவார்கள். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்குப் போகப் பணமுள்ளவருக்கு விமானம், இல்லாதவருக்குத் திருகோணமலையிலிருந்து கப்பல். இரண்டுக்கும் பாதுகாப்புத் தரப்பின் அனுமதி வேண்டும். எந்தச் சேவை வசதியானது என்று ஆராய அன்று யாருக்கு இடம் இருந்தது?

ஆனாலும் பயத்தை ஒதுக்கிவிட்டுத் தம்பி சொன்னதையும் கணக்குப் பார்த்தேன். பதுளையில் விமான நிலையம் கிடையாது. இரத்மலானைக்குப் போகவே ஒரு பகல் முழுவதும் வேண்டும். ஓர் இரவு கொழும்பில் தங்க வேண்டும். பறப்பது ஒரு மணித்தியாலம்தான், ஆனால் பலாலி யாழ்ப்பாணத்துக்கும் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து திரும்பத் தெற்கே எண்பது கிலோமீற்றர் அளவு வந்தால்தான் கிளிநொச்சி. ஏறி இறங்க வேண்டிய வாகனங்கள் ஐந்து. அப்போது தோட்டத்தில் நாட்கூலி 1,000 ரூபா. இரண்டு பேருக்குப் போவதற்கு மட்டும் ஒரு மாதக் கூலி போதாது. எல்லாவற்றிலும் விலை கூடிய வழியே அம்மாவின் முழங்காலுக்கு எல்லாவற்றிலும் கடினமான வழியாகவும் இருந்தது. தம்பிக்குச் சொன்னபோது சிரித்தான்.

விமானத்திலும் மலிவு, வசதி என்று இரண்டு சாதி உண்டு. இந்தியாவில் 2003இல் கோபிநாத் என்பவர் எயார் டெக்கானைத் தொடங்கி, சாப்பாடு, உபசாரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஆசனத்தை மட்டும் குறைந்த விலைக்கு விற்றார். சூர்யா நடித்த "சூரரைப் போற்று" அவர் கதையைத் தழுவிய படம்தான். வசதிக்குப் பேர்போன கிங்ஃபிஷர் அதை வாங்கிக்கொண்டது. 2012இல் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்தியது. எங்கள் நாட்டில் மலிவு விமானமாக 2007இல் வந்த மிஹின் லங்கா 2016இல் ஸ்ரீலங்கனோடு சேர்ந்து மறைந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் சொந்தம் உள்ள சகோதரிகள் இப்போது சென்னை - பலாலி விமானத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள். 2019இல் தொடங்கி, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கிய வழி அது. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். மலிவுச் சீட்டில் எழுதியிருக்கும் விலை ஆசனத்துக்கு மட்டும். பொதி கூடினால் காசு, சாப்பாட்டுக்குக் காசு, திகதி மாற்றினால் காசு. நம் சனம் வெறுங்கையோடு போவதில்லை. பனாட்டு, ஒடியல், மிளகாய்த்தூள், தேயிலைத்தூள் என்று பையின் வாய் மூடாது. பையை முதலில் வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

அடுத்த வழி, கொழும்பு போய் அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவுச் சொகுசு பஸ். குளிரூட்டி, சாயும் ஆசனம், படம் எல்லாம் உண்டு. ஆனால் மலசலகூடம் இல்லை. சாரதி நிறுத்தும் இடத்தில்தான் இறங்கலாம். நம்மில் எத்தனை பெண்கள் பிரயாணத்துக்கு முதல்நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம்! இளம் உடம்பு தாங்கும். நீரிழிவு உள்ள உடம்பு தாங்குமா? அதைவிட, அந்த பஸ் விடியுமுன்னரே கிளிநொச்சியில் இறக்கிவிடும். இருட்டில் ஏ-9 வீதி ஓரத்தில், கையில் பையோடு, நடக்க முடியாத ஒரு வயோதிபரோடு முச்சக்கரவண்டிக்குக் காத்து நிற்பதை நான் விரும்பவில்லை. சீட்டின் விலையைக் கேட்கிற நாம் இறங்கும் நேரத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம். தனியாகப் போகும் பெண்ணுக்கு இறங்கும் நேரம்தான் முதற்கேள்வி.

கடைசியில் நான் தெரிந்துகொண்டது பதுளையிலிருந்து கண்டி வரை கோச்சி, கண்டியில் ஒரு சொந்தக்கார வீட்டில் இராத்தங்கல், காலையில் யாழ்ப்பாண பஸ். ஏ-9 கண்டியில்தான் தொடங்குகிறது. பெயரே கண்டி - யாழ்ப்பாண வீதி. விடியற்காலை ஏறினால் மதியமளவில் கிளிநொச்சி. பொல்காவலையில் இறங்கி வடக்குக் கோச்சிக்கு மாறும் வழியும் உண்டு. ஆனால் எங்களுக்குத் தோதான வண்டி நடுச்சாமம் கழித்துக் கொண்டுபோய் இறக்குவது.

இனிக் கோச்சியில் எந்த வகுப்பு என்பது. பதுளைக் கோச்சியில் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு என்று இருக்கிறது. முதல் இரண்டிலும் முற்பதிவு உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. முதலாம் வகுப்பில் பெரும்பாலும் வெள்ளைக்காரர். காட்சி பார்க்க என்று பெரிய கண்ணாடி வைத்த பெட்டியும் சில வண்டிகளில் உண்டு. நான் அதைப் பற்றிச் சொன்னபோது அம்மா, "தேயிலக் கொழுந்தப் பாக்குறதுக்கு நாம காசு குடுக்கணுமா?" என்று கேட்டார். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர் கேட்டால் நியாயம்தான்.

நான் தனியாகப் போவதென்றால் எப்போதும் மூன்றாம் வகுப்புத்தான், இன்றும் அதுதான். அங்கே பெண்கள் இருப்பார்கள். ஒருத்தி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், ஒருத்தி ரொட்டியைப் பிட்டுத் தருவாள், ஏதும் தொந்தரவு என்றால் நாலு பேர் சத்தம் போடுவார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத காவல் அது. ஆனால் அதில் இடம் பிடிக்க வேண்டும். இடம் பிடிக்க ஓட வேண்டும். அம்மாவால் ஓட முடியாது. ஆகவே இரண்டாம் வகுப்பு முற்பதிவு எடுத்தேன். பல மடங்கு விலை. இரண்டு கிழமை தையற் கூலி அதில் போனது. எங்களுக்கு மலசலகூடத்துக்குப் பக்கத்தில் ஆசனம் கிடைத்தது. மற்றவர்கள் முகம் சுளிக்கும் இடம். எனக்கோ அதுதான் முதலாம் வகுப்பு.

சீட்டு எடுப்பதும் சுலபமில்லை. எல்ல, ஒன்பது வளைவுப் பாலம் என்று உலகம் முழுவதும் இந்தப் பாதையைத் தேடி வருகிறது. முற்பதிவு ஒரு மாதத்துக்கு முன் திறக்கும். திறந்தவுடனே தீர்ந்துவிடும். இணையத்தில் இப்படிச் சீட்டுகளை வாரி எடுத்து உல்லாசப் பயணிகளுக்குப் பல மடங்கு விலைக்கு விற்றவர்கள் பற்றி 2025 ஆரம்பத்தில் பொலிஸ் விசாரணையும் நடந்தது. ஆகவே நாள் குறித்தவுடன் முதல் வேலையாகச் சீட்டை எடுங்கள். நிலையத்திலேயே எடுப்பது நல்லது.

காலை எட்டரை மணியளவில் பதுளையை விட்டோம். இந்த நிலையம் 1924இல் திறக்கப்பட்டது. கண்டிக்கு 1867இலேயே வந்த கோச்சி இங்கே வர 57 வருடம் எடுத்தது. தேயிலையைக் கீழே இறக்கத்தான் தண்டவாளம் போட்டார்கள். ஹாலிஎல தாண்டித் தெமோதரையில் பாதை ஒரு சுருள் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து மேலே வரும். அம்மா அதைச் சிறு பிள்ளைபோல எட்டிப் பார்த்தார். பண்டாரவளையில் வடைக்காரர் ஏறினார். அப்புத்தளைக்கு அப்பால் மூடுபனி. ஒஹியாவுக்கும் பட்டிப்பொலைக்கும் இடையிலுள்ள சுரங்கத்தோடு ஊவா முடிந்தது.

அட்டனில் வண்டி நின்றபோது அம்மா பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். தலைமன்னாருக்குச் சனத்தை ஏற்றிப்போன அந்தக் கோச்சிகளை ஒப்பாரிக் கோச்சி என்றுதான் எங்கள் ஆட்கள் சொன்னார்கள். "அன்னைக்கு யாரும் எந்தக் கிளாஸ்னு கேக்கல. ஏத்திவிட்டாங்க, போனாங்க" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கிளிநொச்சியில் இறங்கினோம். நல்ல வெயில். சின்னம்மாவின் மகள் சைக்கிளோடு நின்றிருந்தாள். சின்னம்மா வீட்டு வாசலில் நின்றார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பதை எழுதப்போவதில்லை. அன்று அம்மா களைப்பில்லாமல் இருந்தார், இராத்திரி வெகுநேரம் வரை இருவரும் விழித்திருந்தார்கள், அவ்வளவுதான். இரவு பஸ்ஸில் வந்திருந்தால் முதல்நாள் முழுவதும் படுத்தே கிடந்திருப்பார். நாங்கள் மூன்று நாள்தான் தங்க முடிந்தது. அதில் ஒரு நாள் மிச்சமானதை எந்தக் கணக்கில் எழுதுவது?

திரும்பும்போது கையில் காசு குறைவு. கண்டியிலிருந்து மூன்றாம் வகுப்பில் வந்தோம். அம்மாவுக்கு ஒரு சிங்களப் பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். நான் நானுஓயா வரை நின்றேன். போகும்போது செலவழித்ததைத் திரும்பும்போது மிச்சம் பிடிக்கலாம். வீட்டுக்கு வந்துதானே படுக்கப்போகிறோம்.

இப்போது புறப்பட நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் குடித்தன. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்து, கொழும்புக்கும் பதுளைக்கும் இடையிலான நேரடி ஓட்டம் நின்றது. ஆகவே வண்டி எந்த நிலையம் வரை ஓடுகிறது, நடுவில் பஸ் மாற வேண்டுமா என்று நிலையத்தில் கேட்காமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்களுக்குக் கோச்சி தேவையில்லை. பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடி வரை பஸ் பாதை இருக்கிறது. காலை வண்டியையே பாருங்கள்.

சின்னம்மா இந்த முறை பதுளைக்கு வர ஆசைப்படுகிறார். 1977க்குப் பிறகு அவர் பிறந்த லயத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு முழங்கால் பரவாயில்லை, ஆனால் பஸ்ஸில் வாந்தி எடுப்பார். கிளிநொச்சியிலிருந்து காலை வண்டி, கண்டியில் அதே வீட்டில் ஓர் இரவு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் மலையேற்றம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். யன்னலோர ஆசனமாகப் பார்க்கச் சொல்லி அவர் மகளிடம் இரண்டு தரம் சொன்னேன்.