முதல் தெரிவு

பதிவு கொஞ்சம் நீளம். கிரிக்கட் பிடிக்காதவர்கள் கடந்து போகலாம், கோபமில்லை.

போன மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். பாதை தண்ணீரில் மூழ்கிப் போனது. எங்கள் பாடசாலையின் கணக்கு சேர் வீட்டுக்குப் போக வழியில்லை. அவரும் படுவான்கரை ஆள்தான், ஆனால் கொஞ்சம் தள்ளி. "எங்கட வீட்ட வாங்க மச்சான்" என்று கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு இரவு தங்கினார். முதலாம் இரவு கரண்டும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. இஷாத் தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் அரிக்கன் லாம்பை வைத்தேன். மனைவி பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தா. அப்போதுதான் சேர் அந்தக் கதையை எடுத்தார்.

அவருடைய அண்ணன் கனடாவில். அண்ணனின் மகன் ஒவ்வொரு வருடமும் கூட்டாளிகளோடு சேர்ந்து அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பங்கு போட்டு எடுத்து அணி கட்டுகிறானாம். கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் வைத்தார்களோ தெரியாது. 1962 இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் என்பவர் தொடங்கி வைத்த விளையாட்டு இது. இன்றைக்கு அங்கே கோடிக்கணக்கான ஆட்கள் ஆடுகிறார்கள். பொடியன் இந்த முறை எல்லாக் காலத்து வீரர்களையும் கலந்து ஒரு அணி எடுத்து, முதல் ஆளாக ஜெரி ரைஸைப் பிடித்தானாம்.

"நாம இலங்கை கிரிக்கட்டுக்குச் செய்து பார்ப்பமா?" என்றார் சேர்.

முறை சுகம். ஒரு ஆளை ஒருவர்தான் எடுக்கலாம். பாம்பு வளைகிற மாதிரி வரிசை: நான் ஒன்று, அவர் இரண்டு, மறுகா நான் இரண்டு, அவர் இரண்டு, இப்படியே போய்க் கடைசி ஆள் அவருக்கு. மொத்தம் 22 பேர். விக்கட் காப்பாளர் ஒருவர், ஆரம்பத் துடுப்பாட்டக்காரர் இருவர், வேகப்பந்து குறைந்தது இருவர், சுழல் ஒருவர் கட்டாயம். நாட்டுக்காக ஒரு தடவையாவது ஆடியிருக்க வேண்டும். மகளின் ஒன்பதாம் வகுப்புக் கொப்பியில் கடைசித் தாளைக் கிழித்துக்கொண்டோம்.

நாணயம் சுண்டியதில் நான் வென்றேன். யோசிக்காமல் சொன்னேன்: "அரவிந்த."

கணக்கு சேர் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த உம்மா எழும்பிவிட்டா. "முரளி, சங்கக்கார" என்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் எழுதினார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். "மச்சான், இந்த விளையாட்டில ஆள் எவ்வளவு பெரிய ஆள் எண்டு பாக்கக் கூடாது. அவருக்கும் அவருக்கு அடுத்த ஆளுக்கும் இடைவெளி எவ்வளவு எண்டுதான் பாக்கணும். அரவிந்த போனா மஹேல இருக்கார், சமரவீர இருக்கார். முரளி போனா? 800 விக்கட். அடுத்தது ஹேரத், 433. இடையில 367 விக்கட் கிடக்கு. அத நீங்க எனக்குச் சும்மா தந்திட்டீங்க."

கணக்குச் சரி. ஆனால் நான் அரவிந்தவை எடுத்தது கணக்குப் பார்த்து இல்லை.

1990 இல் நாங்கள் உன்னிச்சையை விட்டு ஏறாவூருக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. சிறுபோகம் கதிர் பழுத்து நின்றது. வாப்பா அந்த வயலை வெட்டவில்லை. பிறகு பல வருடம் அவர் மற்றவர்களின் வளவில் கூலிக்கு நின்றார். வயல்காரன் கூலிக்குப் போனால் பேச்சுக் குறைந்துவிடும். எங்கள் வாப்பாவுக்கும் அப்படித்தான். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட நாட்களை விரலில் எண்ணலாம்.

அதில் ஒன்று 1996 மார்ச் 17. பக்கத்து வீட்டில் கார் பற்றரியில் ஓடிய ஒரு கறுப்பு வெள்ளை ரீவி. முற்றம் நிறையச் சனம். லாகூரில் இறுதி ஆட்டம். அதற்கு முந்திய ஐந்து உலகக் கிண்ண இறுதிகளிலும் முதலில் துடுப்பெடுத்த அணிதான் வென்றது. அர்ஜுன நாணயச் சுழற்சியில் வென்றும் அவுஸ்திரேலியாவைத் துடுப்பெடுக்க விட்டார். முற்றத்தில் இருந்தவர்கள் ஏசினார்கள். அவுஸ்திரேலியா 241. எங்கட பக்கம் 23 ஓட்டத்துக்குச் சனத்தும் களுவும் போய்விட்டார்கள். அப்போது வந்தார் அரவிந்த. முதலில் பந்து போட்டு 42 ஓட்டத்துக்கு 3 விக்கட் எடுத்த களைப்பு ஒன்றும் முகத்தில் இல்லை. வாப்பா என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அவசரப்படுறான் இல்ல மனே, பாத்தியா? ரெண்டு பேர் போனதுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி நிக்கிறான்." 124 பந்தில் ஆட்டமிழக்காமல் 107. வென்றதும் வாப்பா சிரித்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். அதை நான் எந்தக் கணக்கில் போடுவது?

சேரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்களும் கேட்ட நாங்க" என்றார். அவர்கள் பக்கம் அப்போது ரேடியோவுக்குப் பற்றரி கிடைக்காது. அண்ணன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, கையால் பெடலைச் சுற்றுவாராம். கை வலித்தால் சத்தம் தேய்ந்துவிடும். அண்ணன் இந்தியாப் பக்கம். அரையிறுதியில் கொல்கத்தாவில் இந்தியா 120க்கு 8 விக்கட்டில் நின்று, சனம் போத்தல் எறிந்து, ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தபோது அண்ணன் சுற்றுவதை நிறுத்திவிட்டார். "இறுதி ஆட்டத்துக்கு நான்தான் சுத்தின நான்" என்றார் சேர். "ஆனா நான் இலங்கைக்கு எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொல்லக்கூடிய காலமா அது?"

முரளியை எடுத்ததற்கும் அவருக்கு 367 மட்டும் காரணமில்லை என்று பிறகு விளங்கியது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். டரல் ஹெயர் என்ற நடுவர் முரளி பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை கை நீட்டினார். அதன் பிறகு அந்த மனிசன் பேர்த்தில் ஒரு ஆய்வுகூடம், ஹொங்கொங்கில் ஒரு ஆய்வுகூடம் என்று கையைக் காட்டிக்கொண்டே திரிந்தார். பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராது என்று அறிக்கை வந்தது. 1999 இல் அடிலெய்டில் மறுகா கை நீட்டினார்கள். அன்றைக்கு அர்ஜுன அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரைக்கும் போய்விட்டார். 2004 இல் முழங்கையை மடக்க முடியாதபடி பட்டை கட்டிக்கொண்டு தொலைக்காட்சிக் கமெராவுக்கு முன் பந்து போட்டுக் காட்டினார்.

"மச்சான், வலையிறவுப் பாலத்தடியில எத்தனை தரம் ஐசி காட்டியிருப்பம்?" என்றார் சேர். "காட்டினா விட்டிருவான். அடுத்த நாள் மறுகா காட்டணும். நேத்துக் காட்டினது செல்லாது. முரளிட கையும் அப்பிடித்தான்." பிளேன்டீயைக் குடித்து முடித்தார். "ஆனா கடைசிப் பந்திலயும் விக்கட் எடுத்திட்டுத்தான் போனான்." 2010 ஜூலை 22, காலி. பிரக்யான் ஓஜா, பிடி மஹேல. 800.

சரி, அணிக்கு வருவோம். பாடம் விளங்கியதால் அடுத்த இரண்டில் முதலில் வாஸை எடுத்தேன். டெஸ்டில் 355 விக்கட். வேகப்பந்தில் அவருக்கு அடுத்தது லக்மால், 171. பெரிய பள்ளம் அது. கூடவே சனத். சேர் மாலிங்கவையும் மஹேலவையும் எடுத்தார். நான் ஹேரத்தையும் அர்ஜுனவையும். ஹேரத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். முரளியின் நிழலில் பத்து வருடம் உள்ளும் வெளியுமாக நின்று, 2009 இல் இங்கிலாந்தில் ஒரு ஊர்க் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்கள். காலியில் பாகிஸ்தானுக்கு எதிராக 15 ஓட்டத்துக்கு 4 விக்கட். அங்கிருந்துதான் அந்த 433இன் பெரும்பகுதி. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய மனிசன்.

சமரவீரவை எடுத்தபோது சேர், "இவர எடுக்கணும் எண்டு நானும் நினைச்ச நான்" என்று முகம் சுளித்தார். 2009 மார்ச் 3, லாகூரில் அணி போன பஸ்ஸில் சுட்டபோது தொடையில் குண்டு பட்டவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் அதற்கு முன்னால் 231, 214 என்று இரண்டு இரட்டைச் சதம் அடித்திருந்தார். வாப்பாவைச் சிரிக்க வைத்ததும் அதே லாகூர்தான். அதற்குப் பிறகும் திரும்பி வந்து சதங்கள் அடித்தார்.

என்னுடைய பத்தாவது தெரிவில்தான் எனக்கே வெட்கமான ஒன்று நடந்தது. ஒரு வேகப்பந்து ஆள் தேவை. குலசேகரவை அவர் எடுத்துவிட்டார். லக்மால் மிச்சம். நான் "மஹ்ரூப்" என்று எழுதினேன். எழுதிவிட்டு, கேட்காமலே காரணம் சொல்லத் தொடங்கினேன்: 2006 இல் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14க்கு 6, 2010 ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு எதிராக ஹெட்ரிக். எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தப் பெயரை நான் ஏன் எடுத்தேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டில்ஷானை அவர் முன்பே எடுத்திருந்தார். அவர் பிறப்பில் துவான் முகம்மது டில்ஷான் என்பது நினைவிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

கடைசித் தெரிவு அவருடையது. பென்சிலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு "சதாசிவம்" என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். மகாதேவ சதாசிவம். நமக்கு டெஸ்ட் தகுதி கிடைக்க முந்திய காலம். 1947 இல் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக 215. அடுத்த வருடம் பிரட்மனின் அணி இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியபோது நமது தலைவர் அவர்தான். படத்தில்கூட ஆடிப் பார்க்காத ஒருவரை எடுக்கலாமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மஹ்ரூபுக்கு அவர் பேசாமல் இருந்தார் அல்லவா?

தண்ணீர் வடிந்தது, பாடசாலை திறந்தது. பத்தாம் வகுப்பில் விவாதம் பழக்க வேண்டும். இரண்டு அணியையும் கரும்பலகையில் எழுதி, எது வெல்லும் என்று இரண்டு பக்கமாகப் பேச விட்டேன். கணக்கு சேரும் பின்வாங்கில் வந்து இருந்தார். பொடியன்கள் மேசையில் அடித்துப் பேசினார்கள். பெயர்களைப் பார்த்து எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை. எல்லா ஆட்களும் இருக்கிறார்களே என்று.

மூன்றாம் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பியது. "சேர், சாமரி அத்தபத்து எங்க?"

பொடியன்கள் சிரித்தார்கள். பிள்ளை உட்காரவில்லை. "195 அடிச்சவ சேர். சவுத் ஆபிரிக்காவுக்கு. அவுட்டும் இல்ல. 302 துரத்தி வெண்டது."

2024 ஏப்ரல். பெண்கள் ஒருநாள் ஆட்டங்களில் அதுவரை யாரும் அவ்வளவு ஓட்டத்தைத் துரத்தி வென்றதில்லை. எனக்குத் தெரிந்த செய்திதான். 'நாட்டுக்காக ஒரு தடவையாவது ஆடியிருக்க வேண்டும்' என்று விதி எழுதியவனும் நான்தான். அந்த விதியில் ஆண் என்று ஒரு சொல் இல்லை. இரண்டு வளர்ந்த மனிசர், ஒரு இரவு முழுக்க, 1947 வரைக்கும் போய்த் தேடியவர்கள். இந்தப் பெயர் எங்கள் வாயில் வரவில்லை. கிழித்த கொப்பித் தாள்கூட என் மகளுடையது. எங்கள் மைதானத்தில் பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு வரைக்கும் மட்டை பிடிப்பார்கள். பிறகு பிடிக்க மாட்டார்கள். யார் நிறுத்துகிறோம் என்று இதை வாசிக்கிற வாப்பாமாருக்குத் தெரியும்.

நான் என்ன சொல்வது என்று நிற்கும்போது பின்வாங்கில் இருந்து கணக்கு சேர் எழும்பி வந்து சுண்ணக்கட்டியை வாங்கினார். "இவவுக்கு அடுத்த ஆள் யார், சொல்லுங்க பாப்பம்?" என்று வகுப்பைக் கேட்டார். பொடியன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். 2024 வரைக்கும் பல வருடமாக இலங்கைப் பெண்கள் பக்கம் ஒருநாள் ஆட்டத்தில் அடிக்கப்பட்ட சதமெல்லாம் இவ ஒரு ஆள் அடித்தவை. சேர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார், மேலே ஒரு புள்ளி, கீழே தூரத்தில் ஒரு புள்ளி. "இடைவெளிக் கணக்குப்படி பாத்தா முரளியும் இல்ல, அரவிந்தவும் இல்ல. முதல் தெரிவு இவதான்." என் பக்கம் திரும்பி, "நாம ரெண்டு பேரும் பிழை, சேர்" என்றார். வகுப்பில் அவர் என்னை மச்சான் என்று கூப்பிடுவதில்லை.

இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் மறுகா முதலில் இருந்து எடுக்கிறோம். மகளும் ஒரு அணி கேட்டிருக்கிறா. மூன்று பேர் என்றால் பாம்பு எப்படி வளையும் என்று கணக்கு சேர் தாளில் போட்டுக்கொண்டிருக்கிறார். நாணயம் சுண்டுவது மகள்தான். எனக்கு முதல் தெரிவு கிடைத்தால் என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. வாய் அரவிந்த என்றுதான் சொல்லும் போல இருக்கிறது.

உங்கட முதல் ஆள் யார்? கீழே எழுதுங்க.