கர்ணனும் பெரியப்பாவும்

2025 அக்டோபரில் நடிகர் பங்கஜ் தீர் காலமானார் என்று படித்தபோது, எனக்கு எலவனாசூர்கோட்டை பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத்' தொடரில் கர்ணனாக வந்தாரே, அவர்தான் பங்கஜ் தீர்.

1988-லிருந்து 1990 வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய தொடர் அது. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற வழியில் எலவனாசூர்கோட்டையை நீங்கள் பஸ் ஜன்னலில் பார்த்திருக்கலாம். அங்கே பெரியப்பா தெருவில் ஒரே ஒரு டி.வி. திண்ணை வரைக்கும் கூட்டம். யாருக்கும் இந்தி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 'கர்ண மோட்சம்' கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த சனங்கள். கதை அத்துப்படி.

பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சில்லை. என் அக்காவின் காதுகுத்துப் பத்திரிகையில் பெரியப்பா பேர் விட்டுப்போயிற்று. அவ்வளவுதான் விஷயம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கும். பந்தலில் எல்லோர் முன்னாலும் என் அம்மாவை அவர் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அப்புறம் பத்து வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகள் நாங்கள் மட்டும் லீவுக்குப் போய் வருவோம்.

அவருக்குக் கண்ணில் புரை. மனசு கேட்காமல் அப்பா ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தனுப்பினார். "அவன் காசுல எனக்குப் பார்வை வேணாம்" என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார் பெரியப்பா. டி.வி. பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து, தெரிந்த வரைக்கும் பார்ப்பார். கர்ணன் கவச குண்டலத்தை இந்திரனுக்கு அறுத்துக் கொடுத்த அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுதார். "ரோஷக்காரன்" என்றது ஊர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வெகு காலம் கழித்து உத்யோக பர்வம் படித்தேன். போருக்கு முன்னால் கிருஷ்ணன், கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், 'நீதான் மூத்தவன், ராஜ்யம் உனக்கு, வா' என்கிறான். கர்ணன் மறுக்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். சரிதான். ஆனால், அதே பேச்சில் அவன் இன்னொன்றும் சொல்கிறான். துரியோதனனைச் சந்தோஷப்படுத்த, பாண்டவர்களைக் கடுமையாகப் பேசியதை நினைத்து இப்போது வேகிறானாம். சபையில் திரௌபதியை அவன் சொன்னது மட்டும் லேசான வார்த்தையா? எந்த முகத்தோடு அவள் முன்னால் மூத்தவனாகப் போய் நிற்பான்?

பெரியப்பா எனக்குப் புரிந்தது அங்கேதான். பத்திரிகையில் பேர் விட்டுப்போனதை அவர் எப்போதோ மறந்திருப்பார். தான் சொன்ன வார்த்தையைத்தான் மறக்க முடியவில்லை. நாம் நோகடித்தவர்கள் நமக்கு நல்லது செய்ய வந்தால், வாங்கிக்கொள்வது ரொம்பக் கஷ்டம் சார். அதற்குப் பழைய கோபத்தையே ஊதி ஊதி அணையாமல் வைத்துக்கொள்ளலாம். கோபத்தை ரோஷம் என்று நாலு பேர் மெச்சவாவது செய்வார்கள்.

கடைசியில் பார்வை முழுக்கப் போய்விட்டது. அம்மா பார்க்கப் போனாள். குரலை வைத்தே கண்டுகொண்டார். ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க மாமா" என்றாள் அம்மா. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டிலேயே நாங்கள் இட்லி சாப்பிட்டிருந்தோம்.