சோலைவரி கட்டுகிற ஊர்

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கச்சிக்கு,

 

போனில் சொன்னால் பாதி விடுபட்டுப் போகும் என்பதால் எழுதுகிறேன். வெள்ளவத்தையில் என்ன மாறினால் நல்லது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வாங்க எங்கள் ஒழுங்கையில் சிலர் சேர்ந்து தொடங்கியிருக்கிறோம். மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் வருச முடிவில்தான் சபைக்கு வரும். அதற்கு முன்னமே எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுக்க வேண்டும். நீ இருக்கிற கொட்டாஞ்சேனையிலும் இதைத் தொடங்கு.

கேட்கப் போன வீடுகளில் அதிகம் கேட்டது ஒரே பதில்தான்: “இது எங்கடை ஊரே, நாங்கள் சொல்லிறதுக்கு?” யாழ்ப்பாணத்தில் வளவு இருக்கிறவர், கனடா விசாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், 1983 ஜூலைக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஓடினதை மறக்க முடியாதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பிள்ளைகளைப் படிப்பித்ததும் கலியாணம் கட்டிக் கொடுத்ததும் இங்கேதானே. ஜனவரி 31க்குள் முழு வருசத்துக்கும் கட்டினால் மாநகர சபையின் சோலைவரியில் 10 வீதம் கழிவு என்று முந்திப்போய் வரிசையில் நிற்கிற அதே சனம், அந்தக் காசில் என்ன செய்யலாம் என்று கேட்டதும் விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி ஒதுங்கிக்கொள்வது எனக்குப் பெரிய மனவருத்தம்.

எங்கடை ஊரே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது: கொழும்புக்கு முதன்முதல் தெரிவான மேயர், 1937இல், டாக்டர் ரட்ணசோதி சரவணமுத்து. அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து 1932இல் உங்கள் கொழும்பு வடக்குத் தொகுதியில் நின்று வென்று அரசாங்க சபைக்குப் போனவ. இதை இளம் பிள்ளைகளுக்குச் சொல்லு. இங்கே எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எழுதி வாங்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொள். “ஊர் சுத்தமாக இருக்க வேண்டும்” என்று எழுதித் தந்தால் அதை வைத்து ஒரு அதிகாரியும் ஒன்றும் செய்யமாட்டார். எந்த ஒழுங்கை, எந்த மின்கம்பத்தடி, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். எங்கள் ஒழுங்கையில் வந்ததில் பாதிக்கு மேல் கானைப் பற்றித்தான். முன்பு ஒரு குடும்பம் இருந்த வளவில் இப்போது தொடர்மாடி எழும்பி, அதில் இருபது முப்பது குடும்பம் இருக்கிறது. கீழே உள்ள கானும் குழாயும் அந்தக் காலத்தவைதான். இந்த நகரத்தின் கழிவுநீர்க் குழாய் முறைக்கே நூறு வயது கடந்துவிட்டது. அந்தக் கழிவு கடலுக்குள் போகிற இரண்டு வாய்களில் ஒன்று என் பக்கத்தில், வெள்ளவத்தையில். மற்றது உன் பக்கத்தில், முகத்துவாரத்தில். ஆகவே இந்த நகரத்தின் மற்றப் பகுதிகள் அனுப்புவதைத் தாங்குகிறவர்கள் நாங்கள். இதைப் பற்றிப் பேச எங்களை விட உரிமை உள்ளவர் ஆர்?

கானைத் தவிர வந்தவை: காலி வீதியைக் கடக்க வயது போனவர்களுக்குப் பச்சை விளக்கு இன்னும் சில விநாடி எரிய வேண்டும், மெரைன் டிரைவில் நடக்கிறவர்கள் இருந்து ஆற வாங்குகள் வேண்டும். ஒரு பெடியன், ரயில் பாதையைக் கடந்து கடலுக்கு இறங்கப் பயமில்லாத வழி கேட்டிருக்கிறான். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

சொன்னாலும் கேட்பார்களா என்று நீ கேட்பாய். மீதொட்டமுல்லையை நான் மறக்கவில்லை. கொழும்பின் குப்பை மலையாக உயர்ந்துகொண்டே போகிறது என்று அங்கே இருந்த சனம் வருசக்கணக்காகக் கத்தியது, வீதிக்கு இறங்கியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து 30 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அன்றைக்கு ஊரே அவர்களோடு சேர்ந்து கேட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் வரும். அவர்களின் வீட்டு வாசலில் குவிந்தது எங்கள் வீட்டுக் குப்பையும்தான்.

2023 மார்ச்சில் மாநகர சபை கலைந்த பிறகு இரண்டு வருசத்துக்கு மேலாக, மக்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லாமலே இந்த நகரம் நடந்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்து, ஜூனில் விராய் கெலி பல்தசார் மேயரானார். இப்போது போய்க் கேட்க ஆள் இருக்கிறது. சனத்திடம் நேரே குறை கேட்க, தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1இல் நகரங்களுக்கென்று பகுதி சபை தொடங்கினார்கள். தாம்பரம் மாநகராட்சியில், பம்மலில், முதலமைச்சர் ஸ்டாலினே வந்திருந்து சனம் சொன்னதைக் கேட்டார். இங்கே அப்படி ஒருவர் கூப்பிடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆலயத்து மண்டபமோ, பள்ளிவாசலடியோ, புனித லூசியாள் பேராலய முன்றலோ, பத்துப் பேர் கூட இடம் கிடைத்தால் போதும்.

தமிழில் எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள் என்று ஒருவரும் தயங்க வேண்டாம். மேல் மாகாணத்திலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் சிங்களத்திலும் ஒரு பிரதி வை. உன் ஒழுங்கையில் சிங்களச் சனமும் முஸ்லிம் சனமும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் அதே கான் தண்ணிதான் வருகிறது. கையெழுத்து எல்லாரிடமும் வாங்கு.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வான்களுக்கு நடுவில் பிள்ளைகள் படும் பாட்டை முதலில் எழுது. அது நீ தினமும் காண்பது. மாமியையும் கேள். ஜம்பட்டா வீதிப் பக்கம் மழைத் தண்ணி முன்பு எந்த வழியால் வடிந்தது, எந்தக் கட்டடம் வந்த பிறகு நின்றது என்று அவவுக்குத் தெரியும். அவ சொல்லச் சொல்ல மகளை எழுதச் சொல்லு. வருகிற மாதம் நான் வரும்போது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா