பீடத்தை மறைக்காத திரை

ஒளி இருளை நீக்கும் என்பதை யாவரும் அறிவோம். அதே ஒளி ஒன்றை மறைக்கவும் கூடும் என்பதை அரியலூர் வட்டாரத்து மாதா கோயில் ஒன்றில் எல்.இ.டி. திரை கட்டச் சென்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

எங்கள் ரெட்டிபாளையம் பகுதியில் திருமணம், திருவிழா எதுவாயினும் இத்திரைகளைக் காண்கிறோம். விடுமுறை நாள்களில் நான் அவ்வேலைக்குச் செல்வதுண்டு. அரை மீட்டர் சதுரப் பலகைகளை இரும்புச் சட்டத்தில் அடுக்கிப் பூட்டினால் திரையாகிறது. நாங்கள் கொண்டு சென்ற பலகை ஒவ்வொன்றிலும் 128 வரிசை, வரிசைக்கு 128 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டையோடுகள். அந்த நீல டையோடுக்காகவே அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர்.

திரையைப் பீடத்திற்குப் பின்னால் நடுவில் நிறுத்த வேண்டுமென்றார் எங்கள் முதலாளி. அவ்வாறே 24 பலகைகளால் 3 மீட்டர் அகலத்தில் கட்டினோம். அன்று மாலை நவநாள் வழிபாட்டில் பீடத்து மெழுகுவர்த்திகள் எரிவதே தெரியவில்லை. குருவானவர் பத்தடி தூரத்தில் நிற்க, முன்வரிசையினர் அவரை விட்டுத் திரையில் அவர் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

வழிபாடு முடிந்ததும் உபதேசியார், "தம்பி, கிட்ட இருக்கிறவனுக்கு எதுக்குப்பா திரை? தூணுக்குப் பின்னாடி இருக்கிறவங்களைப் பாருங்க" என்றார்.

அப்படியானால் திரையே வேண்டாமா? அதுவும் சரியன்று. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணிபுரிந்த வீரமாமுனிவர் (1680–1747), சூசையப்பர் வரலாற்றை 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியாகத் தமிழ்க் காப்பிய மரபில் தந்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்தது. கேட்பது புரிய வேண்டும் என்றால், நடப்பது கண்ணுக்குத் தெரியவும் வேண்டுமன்றோ?

அன்றிரவே திரையைப் பிரித்தோம். பன்னிரண்டு பன்னிரண்டு பலகைகளாக இரண்டு சிறு திரைகள் செய்து, கோயிலின் நடுப்பகுதியில் இருபுறத் தூண்களருகே பின்பக்கம் நோக்கி நிறுத்தினோம். முன்னால் இருப்பவர் கண்ணில் அவை படா. பீடம் மட்டுமே தெரியும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே ஏறக்குறைய 3.9 மில்லிமீட்டர் தூரம். மனிதக் கண் பிரித்தறியும் கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கணக்கிட்டால் 13 மீட்டருக்கு அப்பால் புள்ளிகள் கலந்து முழுப் படமாகும். திரைக்கு அருகில் அமர்வோருக்குப் புள்ளிகள் சற்றுத் தெரியத்தான் செய்யும்; அதை ஏற்றுக்கொண்டோம். வெளிச்சத்தையும் மெழுகுவர்த்திச் சுடர் தெரியுமளவுக்குக் குறைத்தோம்.

திருவிழாத் திருப்பலி முடிந்து கம்பிகளைச் சுருட்டும்போது ஒரு மூதாட்டி அருகில் வந்தார். "இந்தத் தூணுக்குப் பின்னாடிதான் எப்பவும் உக்காருவேன் ராசா. எழுந்தேற்றத்துக்கு மணிச் சத்தம்தான் கேக்கும். இன்னிக்குத்தான் சாமியார் கையைப் பாத்தேன்" என்றார்.

திரையின் அகலத்தையும் விலையையும் பேசுவோர் பலர். அதனை யாருக்காக வைக்கிறோம் என்று முதலில் கேட்டவர் அந்த உபதேசியாரே. நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் நாம் கையாளும் ஒவ்வொரு கருவிக்கும் இக்கேள்வி பொருந்தும்.