தணிகைக் கொடி

"கோபம் வந்தால் தணிகைக்குப் போ" என்பார் என் தாயார். முருகன் சினம் தணிந்த மலை அல்லவா? தம்பியோடு எனக்கொரு வரப்புத் தகராறு. 365 படியும் ஏறிப் பார்த்தேன். கோபமும் கூடவே ஏறி வந்துவிட்டது.

மலைமேல் ஒரு சேவற்கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று ஒரே சீராகத்தான் வீசிற்று. கொடிக்கு மட்டும் ஏன் இந்தப் பதற்றம்? கூட வந்த தமக்கை பிள்ளையைக் கேட்டேன். பௌதிக வாத்தியார் அவன்.

"துணி இம்மி வளைந்தால் போதும், மாமா. புடைத்த பக்கத்தில் காற்று விரைந்து ஓடும், அழுத்தம் குறையும், புடைப்பு இன்னும் பெருக்கும். துணியின் விறைப்பு அதைத் திருப்பி இழுக்கும். இளங்காற்றில் விறைப்பு ஜெயிக்கும். வேகம் எல்லை தாண்டினால் தோற்றுவிடும். அமெரிக்காவில் 1940 நவம்பர் 7-ல், மணிக்கு 70 கிலோமீட்டர்கூட இல்லாத காற்றில், டகோமா தொங்குபாலமே இந்த இனத்து ஆட்டம் ஆடி விழுந்தது."

அவன் சொன்ன இன்னொரு சங்கதிதான் என்னைத் தைத்தது. 2000-ல் நியூயார்க்கில், ஓடும் சோப்புப் படலத்தில் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார்களாம். குட்டை நூல் சும்மா கிடந்தது. நீள நூல் ஆடிற்று. நடுத்தர நூல்தான் வேடிக்கை. விட்டுவிட்டால் சும்மா கிடக்கும். பலமாகச் சீண்டினால், சீண்டிய கை போன பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். பிடித்து நிறுத்தினால் அடங்கும். ஓட்டம் என்னவோ ஒன்றுதான்.

வரப்பை அளந்து கல் நட்டு மூன்று வருஷமாகிறது. தம்பிக்கும் எனக்கும் இன்னும் பேச்சில்லை.

படியிறங்குமுன் போனில் கூப்பிட்டேன். "ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கலாமென்று இருக்கிறேன். நீயும் வாயேன்" என்றேன்.

சற்று நேரம் சத்தமில்லை.

"படி ஏற முழங்கால் தாங்குமா, அண்ணா?" என்றான்.