ஆகாயத்தாமரையும் அடையாற்றுக் கரையும்

மேற்கு மாம்பலத்திலுள்ள என் இல்லத்திலிருந்து கல்லூரிக்கு வரும் வழியில், சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க வேண்டும். அங்குள்ள பாலத்திற்கு மறைமலையடிகள் பாலம் என்று பெயர். தமிழாசிரியன் ஒருவன் அப்பெயரை நாள்தோறும் கடந்து செல்வது பேறுதான். ஆனால் பாலத்தின் கீழே நோக்கினால் பல வேளைகளில் ஆறு தெரிவதில்லை. பச்சைப் பாய் விரித்தாற்போல் ஒரு பரப்பும், அதன்மேல் ஊதா நிறப் பூக்களுமே தெரிகின்றன. ஒருநாள் என்னுடன் வந்த மாணவர் ஒருவர், "எவ்வளவு அழகு ஐயா!" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. கூறாமல் விட்டதற்குரிய காரணத்தை இம்மலரில் எழுதலாம் என்று எண்ணுகின்றேன்.

முதலில் அதன் பெயரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகின்றது. சென்னை மக்கள் இதனை ஆகாயத்தாமரை என்கின்றனர். தருக்க நூலார் உலகில் இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டாக முயற்கொம்பையும் ஆகாயத்தாமரையையும் கூறுவது வழக்கம். சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை எனப்படுவது, இலைக்கொத்தாக நீரில் மிதக்கும் வேறொரு செடி. நாம் பேசும் இச்செடிக்கு ஊர்ப்புறங்களில் வழங்கும் வெங்காயத்தாமரை என்னும் பெயரே பொருத்தமானது. இதன் இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பிக் காற்றை அடக்கி வைத்திருப்பதால் செடி மூழ்குவதில்லை. எனினும், இல்லாத ஒன்றைக் குறித்த சொல் இன்று எந்த நீர்நிலையிலும் இல்லாமல் இராத ஒன்றைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது நோக்கத்தக்கது.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன். எனக்குப் பத்து வயது இருக்கும். உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றபோது அவ்வூர்க் குளத்தில் இப்பூவைக் கண்டேன். மேலிதழில் மயிற்கண் போன்ற மஞ்சள் புள்ளி என்னை மயக்கியது. இரண்டே செடிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் விட்டேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் தொட்டி நிறைந்தது, நீர் தெரியவில்லை, கொசு பெருகியது. உம்மா, "பூவென்று கொண்டுவந்தாய், இப்போது ஒளுச் செய்ய ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. எடுத்து எறி" என்றார்கள். நான் ஒரு கூடையில் அள்ளிச் சென்று, அருகிலிருந்த கால்வாயில் எறிந்துவிட்டு வந்தேன். அதைக் குப்பையை ஒழித்ததாகவே அன்று நினைத்தேன்.

தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையே இச்செடியின் பிறப்பிடம். பூவின் அழகுக்காகவே மனிதர் இதனைக் கண்டம் விட்டுக் கண்டம் எடுத்துச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இது வங்காளத்தை அடைந்தது. அங்கே ஆறுகளும் நெல்வயல்களும் மூடப்பட்டு, படகுகள் செல்ல வழியின்றிப் போயின. இலங்கையில் 1909ஆம் ஆண்டிலும், வங்காளத்தில் 1936ஆம் ஆண்டிலும் இச்செடியை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் அயல் ஆக்கிரமிப்பு இனம் இதுவே என்று, பல்லுயிர்கள் குறித்த பன்னாட்டு அரசுகளின் அறிவியல் மன்றம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது.

தாய்ச்செடி தன் பக்கத்தே ஒரு கொடியை ஓட்டி, அதன் நுனியில் சேயை ஈனுகின்றது. வெப்பமும் உரமும் மிக்க நீரில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன் தொகையை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். விதைகளோ சேற்றினடியில் 20 ஆண்டுகள்கூட உறங்கியிருந்து முளைக்கவல்லவை. செடி மூடிய நீரில் கதிரொளி புகாது, உயிர்வளி குறையும், மீன்கள் மடியும். இலைகள் வழியே நீர் ஆவியாகி, வெற்று நீர்ப்பரப்பைக் காட்டிலும் மிகுதியாக இழக்கப்படும்.

2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் இரவை எங்கள் பகுதியினர் மறக்க இயலாது. பெருமழையோடு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீரும் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆறு கரை கடந்தது. மேற்கு மாம்பலத்தின் தாழ்ந்த தெருக்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், வாப்பா தம் கையால் அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்பேடுகள் மூன்றும் கூழாகிப் போயின. நீர் வடிந்த பின் வாயிற்கதவைத் திறக்கச் சென்றேன். அதன் இரும்புக் கம்பிகளில் வெங்காயத்தாமரைக் கொடிகள் சிக்கித் தொங்கின.

வெள்ளத்திற்கு இச்செடியே காரணம் என்று நான் கூறவில்லை. பெய்த மழையும், திறந்துவிடப்பட்ட நீரும், ஏரிகளையும் ஆற்றங்கரைகளையும் நாம் வீடுகளாக்கியதுமே முதற் காரணங்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லை. 'லேக் வியூ' சாலை மட்டும் உண்டு. 1920களில் தியாகராய நகரை அமைப்பதற்காக வடிக்கப்பட்ட நீண்ட ஏரியின் நினைவே அப்பெயர். ஆயினும் பாலத் தூண்களிலும் மதகுகளிலும் அடைத்துக்கொள்ளும் செடித்திரள், வடிய வேண்டிய நீரின் வழியைக் குறுக்குகின்றது என்பதில் ஐயமில்லை. அன்று கம்பியில் தொங்கிய கொடி, நான் சிறுவனாய் எறிந்த செடியின் வழித்தோன்றலா என்று என்னால் சொல்ல முடியாது. அன்று என்றும் என்னால் சொல்ல முடியாது.

இவற்றை வகுப்பில் கூறியபோது ஒரு மாணவர் எழுந்து, "அயலிலிருந்து வந்ததால்தானே ஐயா இத்தனை கேடு?" என்று வினவினார். அவ்வினா என்னைச் சற்று நிறுத்தியது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அரபுச் சொற்கள் தமிழ் யாப்பில் இயல்பாய் அமைந்திருப்பதை அதற்கு முந்தைய வாரந்தான் அவர்களுக்குக் கற்பித்திருந்தேன். "தம்பி, நீங்கள் காலையில் தொட்டுக்கொண்ட சட்டினியில் இருந்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், கொய்யாவும் அவ்வாறே. அவற்றை யாராவது களை என்கின்றோமா?" என்றேன். வெங்காயத்தாமரை தன் தாயகத்தில் இவ்வாறு பெருகி அழிப்பதில்லை. அதனைத் தின்று அளவில் வைக்கும் பூச்சிகள் அங்கே உள்ளன. அப்பூச்சிகளை விட்டுவிட்டுச் செடியை மட்டும் நாம் கொண்டுவந்தோம். பின்னர், நம் வீடுகளின் கழிவுநீரை ஆற்றில் விட்டு அதற்கு உரமிட்டோம். அயலிலிருந்து வந்தது செடி. அதனைக் களையாக்கியது நாம்.

ஆகவேதான் அதனை அடக்கும் வழியையும் அறிஞர்கள் அதன் தாயகத்திலேயே தேடினர். சில மில்லிமீட்டர் அளவேயுள்ள கூன்வண்டு இனங்கள் இரண்டு, 1980களில் பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக இந்திய நீர்நிலைகளில் விடப்பட்டன. இவற்றின் புழுக்கள் இலைக்காம்பைத் துளைத்து உண்கின்றன. பயிர்களுக்குத் தீங்கு விளைப்பதில்லை என்று ஆய்ந்தறிந்த பின்னரே அவற்றை விடுவித்தனர். பெங்களூரு ஏரிகள் சிலவற்றிலும், ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இவ்வண்டுகளால் செடி வெகுவாகக் குறைந்தது. ஆனால் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். கழிவுநீர் ஓயாது வந்துகொண்டிருந்தால் செடி மீண்டும் தலையெடுக்கும். களைக்கொல்லி தெளித்தால் விரைவில் மடியும். ஆனால் மடிந்த திரள் அழுகி நீரின் உயிர்வளியைக் குடித்துவிடும். சென்னை மாநகராட்சி நீரிலும் நிலத்திலும் இயங்கும் எந்திரங்களைக் கொண்டு அள்ளுகின்றது. அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைத்தால், அடுத்த மழை அதனை ஆற்றுக்கே திருப்பித் தரும்.

எனவே அள்ளுவதைக் காட்டிலும் கண்காணிப்பதே முதன்மையானது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை பூமியின் நிலப்பரப்பை 10 மீட்டர் நுண்மையில் படம்பிடிக்கின்றன. பசுந்தழை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும், நீர் விழுங்கிக்கொள்ளும். அவ்வேறுபாட்டைக் கொண்டு, ஏரியின் எந்த மூலையில் பசுமை தோன்றுகின்றது என்று அறியலாம். மூலையில் தோன்றும்போதே அகற்றினால் சிலர் போதும். ஏரி நிறைந்தபின் எந்திரமும் போதாது.

செயற்கைக்கோள் இல்லாக் காலத்திலும் நம் முன்னோர் நீரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர். தலைவியின் பசலைக்கு ஊரார் உண்ணுநீர்க் கேணியின் பாசியை உவமை கூறிய பரணர் பாடல் குறுந்தொகையில் உள்ளது. கை பட்ட இடத்தில் அகலும், கை எடுத்தால் மீண்டும் பரவும் என்பது அவ்வுவமையின் கருத்து. இருபது ஆண்டுகளாக அதனைக் காதற்பாட்டாகவே கற்பித்து வந்தேன். வெள்ளத்திற்குப் பின் கற்பித்தபோது, அக்கேணியில் நாள்தோறும் யாரோ கை வைத்துக்கொண்டிருந்தனர் என்பது எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது. அவ்வாறு கை படாத கேணியில் நீர் உண்ண முடியாது.

மாணவச் செல்வங்களே! அழகிய செடியொன்றை வீட்டுத் தொட்டியில் வளர்க்க விரும்பினால், முதலில் அது எத்தகையது என்று கேட்டறியுங்கள். வேண்டாமென்று தோன்றினால் கால்வாயில் எறியாதீர்கள். வெயிலில் உலர்த்தி மக்கச் செய்யுங்கள். உங்கள் தெருவின் கழிவுநீர் எங்கே சென்று சேர்கின்றது என்று ஒருநாள் நடந்து சென்று பாருங்கள். அன்று பாலத்தின்மேல் என்னுடன் வந்த மாணவருக்கு நான் சொல்லாமல் விட்ட மறுமொழி இதுதான்: ஆம் தம்பி, அழகுதான். நானும் அவ்வாறு எண்ணித்தான் இரண்டு செடிகளைக் கொண்டுவந்தேன்.